பதினாறு வயதுப் பையன் ரொக்கம் கொடுத்து வாங்கிய கைபேசி: அந்த விற்பனை செல்லுமா?

கேள்வி: நெல்லைக் கடைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் பதினான்கு ஆண்டுகளாகக் கைபேசிக் கடை நடத்திவருகிறேன். சென்ற மாதம் என் கடையில் நடந்த ஒரு விற்பனை இன்று தகராறாகி நிற்கிறது. சட்டம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதினோராம் வகுப்புப் படிக்கும் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தனியாக வந்து 18,000 ரூபாய் விலையுள்ள கைபேசி ஒன்றை வாங்கினான். தன்னிடமிருந்த பழைய கைபேசியை மாற்றாகக் கொடுத்தான். அதற்கு 3,000 ரூபாய் கழித்துக்கொண்டு, மீதி 15,000 ரூபாயை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, அவன் பெயரிலேயே ரசீது போட்டேன். இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று கேட்காமல் இல்லை. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் உறவினர்கள் கொடுத்ததும், கோடை விடுமுறையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்ததும் சேர்ந்த பணம் என்றான். அது உண்மைதான் என்பதை அவனுடைய தகப்பனாரும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஒன்பது நாள் கழித்துத் தகப்பனார் கடைக்கு வந்தார். "பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் நீங்கள் செய்த வியாபாரமே சட்டப்படி செல்லாது. என்னைக் கேட்காமல் எப்படி விற்றீர்கள்? முழுப் பணத்தையும் பழைய கைபேசியையும் எடுத்து வையுங்கள்" என்றார். அவர் குரலை உயர்த்திப் பேசவில்லை. ஆனால் உறுதியாகப் பேசினார். புதிய கைபேசியின் பெட்டி பிரிக்கப்பட்டுவிட்டது, திரையின் ஓரத்தில் மெல்லிய கீறலும் விழுந்திருக்கிறது. பழைய கைபேசி இன்னும் என் கடை இழுப்பறையில்தான் இருக்கிறது.

அவர் சொல்வது சரியென்றால், பள்ளிப் பிள்ளைகள் அன்றாடம் வாங்கும் நோட்டும் பேனாவும், ஓட்டலில் சாப்பிடும் பரோட்டாவும், பேருந்தில் எடுக்கும் பயணச்சீட்டும் எல்லாமே செல்லாதவையா? பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு மைனர் எதையுமே வாங்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறதா? சில பையன்கள் "பாதிப் பணம் இப்போது, மீதி அடுத்த மாதம்" என்றும் கேட்கிறார்கள். இதுவரை இரண்டு பேருக்கு அப்படிக் கொடுத்தும் இருக்கிறேன். அந்தப் பணத்தை நான் சட்டப்படி வசூலிக்க முடியுமா என்பதையும் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மதுரை வழக்கறிஞர்

ஐயா, அந்தத் தகப்பனார் சொன்னதில் பாதி சரி. ஒப்பந்தம் செல்லாது என்பது வரை சரி. அதனால் நீங்கள் குற்றம் செய்துவிட்டீர்கள் என்பதோ, அவர் கேட்டபடி முழுப் பணத்தையும் உடனே எண்ணிக் கொடுத்தாக வேண்டும் என்பதோ சரியல்ல.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 11ஆம் பிரிவில், உரிய வயதை அடைந்தவரும் தெளிந்த மனநிலை உள்ளவரும் வேறு சட்டத்தால் தடுக்கப்படாதவருமே ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் என்கிறது. அந்த வயது பதினெட்டு என்பதை 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுநிறைவுச் சட்டம் நிர்ணயிக்கிறது. ஆனால், தகுதியில்லாத ஒருவர் ஒப்பந்தம் செய்துவிட்டால் விளைவு என்ன என்பதை 11ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. அது தொடக்கத்திலிருந்தே செல்லாததா, அல்லது மைனர் விரும்பினால் மட்டும் தள்ளிவிடக்கூடியதா என்ற ஐயம் முப்பது ஆண்டுகள் நீடித்தது. நம் நீதிமன்றங்களே பல வழக்குகளில் இரண்டாவது கருத்தைப் பின்பற்றி வந்தன.

அந்த ஐயத்தைத் தீர்த்தது மொகரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கு. 1895ஆம் ஆண்டு கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் தன் வீடுகளை பிரம்ம தத் என்ற வட்டிக்கடைக்காரரிடம் 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்தார். அவர் மைனர் என்று அவருடைய தாயார் தரப்பிலிருந்து முன்கூட்டியே கடிதம் போயிருந்தது. கடன் கொடுத்தவரின் வழக்கறிஞருக்கு அது தெரிந்தும் பத்திரம் எழுதப்பட்டது. பத்திரத்தை ரத்து செய்யக் கோரி மைனர் தரப்பு வழக்குத் தொடுத்தது. வழக்கு நடக்கும்போதே பிரம்ம தத் இறந்துவிட, அவர் இடத்தில் மொகரி பீபி வந்தார். 1903இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், மைனருடைய ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று தீர்ப்பளித்தது. கொடுத்த பணத்தையாவது திருப்பித் தர உத்தரவிட வேண்டும் என்ற கோரிக்கையையும் அது ஏற்கவில்லை. கடன் கொடுத்தவருக்குக் கொடுத்ததும் போயிற்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தியாவில் மைனர் ஒப்பந்தம் பற்றிய பேச்சு இந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது நீங்கள் கேட்ட நோட்டு, பேனா, பரோட்டாவுக்கு வருகிறேன். ஒப்பந்தம் செல்லாது என்பதன் பொருள், அதை நிறைவேற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கொண்டு மைனரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதே. மைனர் கடைக்கு வரக் கூடாது என்றோ, அவனுக்கு விற்பவர் தண்டனைக்குரியவர் என்றோ ஒப்பந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. காசு கைமாறி, பொருள் கைமாறி, அதே இடத்தில் முடிந்துவிடும் வியாபாரத்தில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்த வேண்டிய மிச்சம் எதுவும் இருப்பதில்லை. ஆகவே அன்றாட விற்பனைகள் இயல்பாகவே நிலைத்துவிடுகின்றன. தண்டனை என்று பார்த்தால் அது தனிச் சட்டங்களில் இருக்கிறது. பதினெட்டு நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்பதை 2003ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. குழந்தைக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பதற்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. அவற்றில் பெற்றோர் சம்மதித்தாலும் குற்றம் குற்றமே. கைபேசி அந்த வரிசையில் வராது.

அம்மா சீட்டெழுதிக் கொடுத்துப் பிள்ளையை மளிகைக் கடைக்கு அனுப்புவது வேறொரு வகை. அங்கே வாங்குபவர் பிள்ளை அல்ல, அம்மா. மைனர் தனக்காக ஒப்பந்தம் செய்ய முடியாவிட்டாலும் பிறருக்கு முகவராக இருந்து அவரைப் பொறுப்பாக்க முடியும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 184ஆவது பிரிவு சொல்கிறது. மாதக் கணக்கு வைத்து, பிள்ளை வாங்கிச் சென்றதற்கெல்லாம் தகப்பனார் தொடர்ந்து பணம் கட்டி வந்திருந்தால், ஒரு நாள் திடீரென்று "நான் அனுப்பவில்லை" என்று அவர் தப்பிக்க முடியாது. ஆனால் அப்படி ஒரு வழக்கமே இல்லாத இடத்தில், பிள்ளை தானாக வாங்கிய கடனுக்குத் தகப்பனார் பொறுப்பல்ல. தகப்பன் என்ற உறவு மட்டுமே அவரைக் கடனாளியாக்காது என்பதை வியாபாரிகள் பலர் அறிந்திருப்பதில்லை.

நீங்கள் இரண்டு பேருக்குப் பாதிப் பணத்தில் கொடுத்தது இந்த இடத்தில்தான் சிக்குகிறது. வாழ்க்கைத் தேவைக்கான பொருளைக் கொடுத்திருந்தால் மட்டும் ஒப்பந்தச் சட்டத்தின் 68ஆவது பிரிவு உங்களுக்கு ஒரு வழி தருகிறது. அதிலும் இரண்டு எல்லைகள் உண்டு. அந்த மைனரின் சொத்திலிருந்துதான் ஈடு கேட்கலாம், அவன் மீது நேரடிப் பொறுப்பு இல்லை. பொருளும் அவனுடைய வாழ்நிலைக்கு ஏற்றதாகவும், அந்தச் சமயத்தில் உண்மையிலேயே தேவையானதாகவும் இருந்திருக்க வேண்டும். இதற்கு 1908ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலேய வழக்கை நம் நீதிமன்றங்களும் சட்டக் கல்லூரிகளும் தொடர்ந்து எடுத்துக்காட்டுகின்றன. கேம்பிரிட்ஜில் படித்த ஒரு மைனர் மாணவருக்கு லண்டன் தையற்காரர் ஒருவர் கடனுக்கு உடைகள் தைத்துக் கொடுத்தார். அவற்றில் சட்டைக்கு மேல் அணியும் அலங்காரக் கையில்லாச் சட்டைகள் மட்டும் பதினொன்று. மாணவர் வசதியான குடும்பத்தவர்தான். ஆனால் அவருடைய தகப்பனார் ஏற்கெனவே போதிய உடை வாங்கிக் கொடுத்திருந்தார் என்று தெரிந்ததும் தையற்காரர் தோற்றார். கையில் ஒரு கைபேசி இருக்கும்போதே இன்னொன்று வாங்கிய மாணவன் விஷயத்தில் "இது அவனுக்கு இன்றியமையாதது" என்று மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தோளில்தான் விழும். பதினெட்டு நிரம்பிய பின் பழைய பாக்கிக்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். தொடக்கத்திலேயே செல்லாத ஒன்றைப் பின்னால் ஒப்புக்கொண்டு உயிர்ப்பிக்க முடியாது. "எனக்குப் பத்தொன்பது" என்று அவன் பொய் சொல்லியிருந்தாலும், பின்னர் மைனர் என்று சொல்லித் தற்காத்துக்கொள்ளும் உரிமையை அவன் இழப்பதில்லை.

இனி உங்கள் வழக்கு. முழு விலையும் வாங்கியாகிவிட்டது, பொருளும் கொடுத்தாகிவிட்டது. இதைக் கலைக்க வேண்டும் என்று மைனர் தரப்பு நீதிமன்றம் போனால், பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பொருளையும் வைத்துக்கொள்ள முடியாது. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், 33ஆவது பிரிவில், பெற்ற பயனைத் திருப்பித் தரும்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1889இல் இங்கிலாந்தில், மைனர் ஒருவர் வீட்டுப் பொருட்களை விலைக்கு வாங்கிப் பல மாதம் பயன்படுத்திவிட்டுக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டபோது அதை நீதிமன்றம் மறுத்தது. பயன்படுத்தித் தீர்த்ததைத் திருப்பித் தர முடியாதே என்பதுதான் காரணம். உங்களிடம் வாங்கிய பையனிடம் கைபேசி அப்படியே இருக்கிறது. ஆகவே அதை வாங்கிக்கொண்டு, ஒன்பது நாள் பயன்பாட்டுக்கும் கீறலுக்கும் நியாயமான தொகையைக் கழித்து, மீதியைக் கொடுப்பதே நீதிமன்றம் போனாலும் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய முடிவுக்கு மிக அருகில் இருக்கும்.

ஒன்றை மட்டும் நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். அந்தப் பழைய கைபேசி யாருடையது?

பதில்: தூத்துக்குடி வியாபாரி

அண்ணாச்சி, வக்கீல் ஐயா சொல்வதை மறுக்க எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் வியாபாரியின் பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும். என் கடையில் மிதிவண்டி வாங்க வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தனியாகத்தான் வருகிறார்கள். தகப்பன் கடலுக்குப் போயிருப்பார், தாய் உப்பளத்துக்குப் போயிருப்பார். அந்தப் பிள்ளை எண்ணி எண்ணிச் சேர்த்த காசை முழுசாகக் கொண்டுவந்து வைக்கும்போது "உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினால், அது அவனை அவமானப்படுத்துவது போலாகிவிடுகிறது. ரொக்கம் கொடுத்து, பிடித்துப் பார்த்து, மனம் நிறைந்து வாங்கிப் போன பொருளை ஒன்பது நாள் கழித்துத் திருப்புவதென்றால், ஒவ்வொரு விற்பனையையும் எத்தனை நாள் நாங்கள் நெஞ்சில் சுமக்க வேண்டும்? நீங்கள் ஏமாற்றவில்லை, கூடுதல் விலை வாங்கவில்லை, பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரொக்க விற்பனை முடிந்த விற்பனை என்றுதான் எனக்குப் படுகிறது. இரக்கப்பட்டு நீங்கள் திருப்பி வாங்கிக்கொண்டால் அது உங்கள் பெருந்தன்மை; கடமை என்று நான் ஒப்ப மாட்டேன்.

பதில்: நெல்லைக் கடைக்காரர்

வழக்கறிஞர் ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் இழுப்பறையிலிருந்து அந்தக் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். தகப்பனாரிடமும் தொலைபேசியில் விசாரித்தேன். மூன்றாண்டுகளுக்கு முன் அவர் தன் பெயரில் வாங்கியதாம், ரசீதும் வைத்திருக்கிறார். மகனுக்குப் படிப்புக்காகப் பயன்படுத்தக் கொடுத்தாரே தவிர, "இது உனக்கு" என்று கொடுக்கவில்லை என்கிறார். சிம் அட்டையும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

பதில்: மதுரை வழக்கறிஞர்

அப்படியானால் பழைய கைபேசியைப் பற்றிய விடை வயதைச் சார்ந்ததே அல்ல. தனக்குச் சொந்தமில்லாத பொருளை விற்பவர், தன்னிடம் உள்ளதைவிட மேலான உரிமையை வாங்குபவருக்குத் தர முடியாது என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு. கொண்டுவந்து கொடுத்தவருக்கு முப்பது வயதாக இருந்திருந்தாலும் இதேதான். தகப்பனார் பொருள், தகப்பனாருக்குத் திரும்ப வேண்டும். அதை நீங்கள் வேறொருவருக்கு விற்றுவிடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. பழைய கைபேசிகளை வாங்கும் கடைகள், விற்பவர் வயதைக் காட்டிலும் அந்தப் பொருளின் ரசீதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தூத்துக்குடி நண்பரின் மனக்குறை எனக்குப் புரிகிறது. அவர் சொல்வதில் நியாயம் உண்டு. நேர்மையாக விற்ற மிதிவண்டியை யாரும் எளிதில் திருப்பிவிட முடியாது. பள்ளிக்குப் போக மிதிவண்டி தேவைப்படும் பிள்ளைக்கு அது வாழ்க்கைத் தேவை என்று சொல்லவும் இடமிருக்கிறது. ஆனால் ரொக்கம் கொடுத்துவிட்டதாலேயே செல்லாத ஒப்பந்தம் செல்லுபடியாகிவிடும் என்று சொல்ல முடியாது. நீங்கள் வழக்குப் போட வேண்டிய தேவை இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். வாங்கிய மைனர் வழக்குப் போடும் வழி திறந்தே இருக்கிறது. வழக்கு நண்பர் ஒருவர், அதாவது மைனர் சார்பில் வழக்கை நடத்தும் வயது நிறைந்த ஒருவர், மூலம் அவன் வழக்குத் தொடரலாம்.

பதில்: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

ஒப்பந்தம் செய்யவே தகுதியில்லாத பிள்ளைக்கு வங்கி மட்டும் எப்படிக் கணக்குத் தருகிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இங்கும் அது பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

பத்து வயது நிரம்பிய பிள்ளை தானே சேமிப்புக் கணக்குத் தொடங்கி, தானே கையெழுத்திட்டு நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இல் அனுமதித்தது. 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையிலும் அதை உறுதிசெய்து, எவ்வளவு தொகை வரை, என்னென்ன வசதிகளுடன் என்பதை அந்தந்த வங்கியே தன் இடர் கொள்கைப்படி முடிவு செய்யலாம் என்று விட்டிருக்கிறது. ஏடிஎம் அட்டையும் இணைய வங்கிச் சேவையும்கூடக் கொடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை மாறவே இல்லை. மைனர் கணக்கில் எப்போதும் வரவுதான் இருக்க வேண்டும், பற்றாக ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. காரணம் வழக்கறிஞர் மேலே சொன்னதேதான். பிள்ளை வங்கிக்குக் கடன்பட்டால் அதைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. வங்கி பிள்ளைக்குக் கடன்பட்டிருந்தால் அதில் யாருக்கும் சிக்கல் இல்லை.

கடைக்காரர்களுக்கும் இதே நெறி போதும் என்பது என் கருத்து. பிள்ளை உங்களுக்குப் பாக்கி வைக்கும்படி எந்த வியாபாரமும் செய்யாதீர்கள். அவன் கையில் உள்ள பணத்துக்கு மட்டும் விற்றால் பெரும்பாலும் வம்பு வராது. தவணைக் கடன் நிறுவனங்கள் பதினெட்டு நிரம்பாதவருக்குக் கடன் தருவதில்லை என்பதால், சில கடைகளில் அண்ணன் அல்லது நண்பன் பெயரில் தவணை போட்டுப் பையனுக்குக் கைபேசியைக் கொடுத்துவிடுகிறார்கள். நான் பணியிலிருந்தபோது இப்படிப் பெயர் கொடுத்துவிட்டுத் தவித்த அண்ணன்மார்களைப் பார்த்திருக்கிறேன். கடன் முழுவதும் பெயர் கொடுத்தவருடையதே. "பொருள் என்னிடம் இல்லை" என்ற வாதம் எந்த வங்கியிலும் எடுபடாது.

பதில்: கோவைத் தாய்

இதைப் படித்தபோது என் வீட்டில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகனுக்குப் பதின்மூன்று வயது. என் கைபேசியில் ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தவன், அதில் வரும் ஆயுதங்களுக்கும் உடைகளுக்குமாக இரண்டு வாரத்தில் 27,400 ரூபாய் கட்டிவிட்டான். மின்கட்டணம் கட்டச் சொல்லி எப்போதோ யுபிஐ ரகசிய எண்ணை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். வங்கிக் குறுஞ்செய்திகளை அவன் அழித்துவிட்டதால் மாதக் கடைசியில்தான் தெரிந்தது. அவனை அடித்துவிட்டேன். அதை நினைத்தால் பணம் போனதைவிட அதிகமாக மனம் வலிக்கிறது. மைனர் ஒப்பந்தம் செல்லாது என்றால் இந்தப் பணத்தை நான் திரும்பக் கேட்கலாமா ஐயா?

பதில்: மதுரை வழக்கறிஞர்

அம்மா, கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் உங்கள் நிலை கடைக்காரரின் நிலையைவிடக் கடினமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கும் விளையாட்டு நிறுவனத்துக்கும் இடையே ஏற்பட்டதாகச் சொல்லப்படும் ஒப்பந்தம், அது மைனருடையது என்பதால் செல்லாது. ஆனால் நிறுவனம் அந்த வாதத்துக்குள் வரவே வராது. "கணக்கு தாயாருடையது, ரகசிய எண் தாயாருடையது, எங்களைப் பொறுத்தவரை வாங்கியவர் தாயாரே" என்று சொல்லும். முகவர் என்ற கருத்தை மேலே நான் வியாபாரிக்குச் சாதகமாகச் சொன்னேன் அல்லவா, அதை அவர்கள் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்துவார்கள். மின்கட்டணம் கட்ட மட்டுமே அனுமதித்தேன், விளையாட்டுக்கு அனுமதிக்கவில்லை என்பதே உங்கள் பதிலாக இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் வழக்கத்துக்கு மாறாக அடுக்கடுக்காகப் பணம் போனதும், விளையாட்டுக் கணக்கில் பதிவாகியிருக்கும் பிறந்த தேதியும், குறுஞ்செய்திகள் அழிக்கப்பட்டதும் அதற்குச் சான்றுகள்.

வங்கியிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வாடிக்கையாளர் தன் ரகசிய எண்ணைப் பிறருக்குச் சொன்னதால் ஏற்பட்ட இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சேரும் என்பது ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த நெறி. ஆகவே முதலில் செயலி அங்காடியிலும் விளையாட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலமாகப் பணத்தைத் திருப்பக் கோருங்கள். ஒவ்வொரு கட்டணத்தின் எண்ணையும், மகனின் வயதுச் சான்றையும் இணையுங்கள். வாங்கிய பொருட்களை அவர்கள் கணக்கிலிருந்து நீக்கிக்கொள்ளச் சம்மதம் என்றும் எழுதுங்கள். பெற்றதைத் திருப்பித் தர ஆயத்தமாக இருப்பவரின் கோரிக்கைக்குத்தான் வலு உண்டு. நாள் கடத்தினால் வாய்ப்புக் குறையும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மைனர் நுகர்வோர் சார்பில் பெற்றோர் முறையிடலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

மகனை அடித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவன் விளையாடியது பெரியவர்களையே பணம் கட்ட வைக்கும்படி வடிவமைக்கப்பட்ட ஒன்று. ரகசிய எண்ணை இன்றே மாற்றிவிட்டு, அவனிடம் அதை மாற்றியதற்கான காரணத்தைச் சொல்லுங்கள்.

பதில்: பத்திர எழுத்தர், தஞ்சாவூர்

மைனர் எதையும் வாங்கவே முடியாது என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் ஒரு செய்தி. எங்கள் பக்கத்தில் மைனர் பெயரில் நிலம் கிரயம் வாங்குவது அன்றாடம் நடக்கிறது. "மைனருக்காகக் கார்டியனும் தகப்பனாருமான இன்னார்" என்று எழுதுவோம். விலை முழுவதும் கொடுக்கப்பட்டு, மைனர் மேல் எந்தக் கடமையும் மிச்சமில்லாமல் அவனுக்குச் சொத்து வந்து சேருமானால் அது செல்லும். முழுப் பணமும் கொடுத்துவிட்ட மைனருக்குச் சாதகமாக எழுதப்பட்ட அடமானத்தை அவன் நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று 1916இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. சிக்கல் விற்கும்போதுதான் வரும். இந்து மைனரின் அசையாச் சொத்தைத் தகப்பனாரே விற்பதானாலும் 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியின்றி விற்றால், பிள்ளை மேஜரான பின் மூன்றாண்டுகளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அப்படிப்பட்ட பத்திரத்தை நம்பி மனை வாங்கியவர்கள் என் முன்னால் வந்து கண்கலங்கியதுண்டு.

பதில்: நெல்லைக் கடைக்காரர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை தகப்பனாரும் மகனும் ஒன்றாகக் கடைக்கு வந்தார்கள். பழைய கைபேசியை முதலில் அவர் கையில் கொடுத்துவிட்டேன். அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. புதியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு 1,500 ரூபாய் கழிப்பதாகச் சொன்னேன். தகப்பனார் முதலில் ஒப்பவில்லை, கீறல் முன்பே இருந்திருக்கலாம் என்றார். பையன்தான் குறுக்கிட்டு, மாடிப்படியில் தான் தவறவிட்டதாகச் சொன்னான். அதன்பின் அவர் மறுக்கவில்லை. 13,500 ரூபாயை அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்பினேன், அது அவனுடைய பணம் என்பதால். பழைய ரசீதை ரத்து செய்து, திரும்பப் பெற்ற விவரத்தை எழுதி மூவரும் கையெழுத்திட்டோம்.

பாக்கி வைத்திருக்கும் இரண்டு பையன்களில் ஒருவனுடைய வீட்டில் சொன்னேன், அவர்கள் கட்டிவிட்டார்கள். இன்னொருவனிடம் கேட்கப்போவதில்லை.

கடைசியாக ஓர் ஐயம். வருகிற தை மாதம் பதினெட்டு நிரம்பும் கல்லூரி மாணவன் ஒருவன், இப்போதே முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு கைபேசியை ஒதுக்கிவைக்கச் சொல்கிறான். மீதியைப் பிறந்தநாளுக்குப் பின் தவணையில் கட்டுவதாகச் சொல்கிறான். வாங்கலாமா? பதினெட்டு நிரம்புவது பிறந்தநாள் அன்றா, மறுநாளா?

பதில்: மதுரை வழக்கறிஞர்

முன்பணம் வாங்க வேண்டாம். இன்று அவன் தரும் வாக்கு இன்றைக்கே செல்லாது. பிறந்தநாள் வந்ததும் அது தானாகச் செல்லுபடியாகிவிடாது. அன்று வந்து புதிதாகப் பேசி, புதிதாக ரசீதும் தவணைப் பத்திரமும் எழுதிக்கொள்ளட்டும். வயதைக் கணக்கிடும் முறையை வயதுநிறைவுச் சட்டத்தின் 3ஆவது பிரிவே சொல்கிறது. பிறந்த நாள் ஒரு முழு நாளாகச் சேர்க்கப்படும்; பதினெட்டாவது ஆண்டுநாள் தொடங்கும்போதே வயது நிறைந்துவிடும். எந்த நேரத்தில் பிறந்தான் என்று ஜாதகம் பார்க்கத் தேவையில்லை. அன்று காலை நீங்கள் கடையைத் திறக்கும்போதே அவன் மேஜர்.